பாடம் நடத்தாமல் நோயாளியைக் கொடுக்கிறார்களே? – வாசகர் கேள்வி பதில்

கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி 1966-ஆம் ஆண்டிலும் சேலத்தில் 1986-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. திருப்பூர், நாமக்கல், நீலகிரி மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022-இல்தான் திறக்கப்பட்டன. குடும்பத்தின் முதல் மருத்துவராகப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கல்லூரிக்குள் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் பெற்றோர் கொங்கு நாட்டில் இன்று பெருகியிருக்கிறார்கள். மாணவர்கள் 'பிபிஎல்' (Problem-Based Learning) என்று சொல்லும் சிக்கல்வழிக் கற்றலைப் பற்றி அவர்களும் மற்றவர்களும் எழுதிய கடிதங்களுக்கே இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சில வகுப்புகளில் ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை என்றும், ஒரு நோயாளியைப் பற்றிய தாளைக் கொடுத்து நீங்களே பேசிக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொல்கிறாள். ஒன்றும் தெரியாத பிள்ளைகளிடம் நோயாளியைக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பிள்ளைகளைக் கைவிடுவது போலத் தோன்றுகிறது. – ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆசிரியர் உண்மையிலேயே வேலை செய்யாமல் இருந்தால் நீங்கள் அஞ்சுவதுதான் நடக்கும். ஆனால் இந்த முறை சரியாக நடக்கும் அறையில் பேசாமல் இருக்கும் ஆசிரியர், விரிவுரை ஆற்றுபவரைவிடக் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறார். அது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். நோயாளி கற்பனை, நோய் உண்மை.

எட்டு அல்லது பத்து மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் தரப்படும் முதல் தாளில் ஒரு பத்திதான் இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், நூற்பாலையில் கார்டிங் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர், மருத்துவமனைக்கு வந்து, "லீவு முடிஞ்சு மொத நாள் வேலைக்குப் போனா நெஞ்சைப் புடிக்குதுங்க, மூச்சு வாங்குதுங்க, ரெண்டு மூணு நாள்ல கொறஞ்சு போயிருதுங்க" என்கிறார். அவ்வளவுதான். முதலில் மாணவர்கள் தமக்குப் புரியாத சொற்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிறார்கள். கார்டிங் என்றால் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீராக்கும் வேலை என்பதைத் திருப்பூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரே சொல்லிவிடுவார். பிறகு இங்கே விளக்க வேண்டியது என்ன என்று ஒரு வரியில் எழுதுகிறார்கள். அடுத்து, சரியோ தவறோ, தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறார்கள். ஒருவர் ஆஸ்துமா என்கிறார், இன்னொருவர் காசநோய் என்கிறார், மற்றொருவர் இதயக் கோளாறு என்கிறார். காசநோய் என்றால் விடுமுறையில் குறைந்து வேலை நாளில் கூடுமா என்று ஒருவர் கேட்கும்போது அறை அமைதியாகிவிடும். காற்று போகும் குழாய் எதனால் சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்தை எப்படி அளப்பது, தூசி எவ்வளவு நுண்ணியதாக இருந்தால் நுரையீரலின் அடி வரைக்கும் செல்லும், விடுப்புக்குப் பின் முதல் நாள் மட்டும் ஏன் கடுமையாக இருக்கிறது என்பவை தமக்குத் தெரியாது என்பதை அந்த அமைதியில்தான் அவர்கள் கண்டுகொள்கிறார்கள். அந்தக் கேள்விகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் அனைத்தையும் படித்துவர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கலைகிறார்கள்.

சில நாள் கழித்து அதே குழு மறுபடி கூடுகிறது. இப்போது மூச்சுக்குழாயின் அமைப்பு, அதைச் சுற்றியுள்ள மென்தசை, ஒரு நொடியில் வெளியே ஊதக்கூடிய காற்றின் அளவு ஆகியவற்றைப் படித்துவிட்டு வந்திருப்பதால் பேச்சு வேறு தரத்தில் நடக்கிறது. இரண்டாம் தாளில் அந்தப் பெண்ணின் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுச் சோதனையின் அளவுகள் தரப்படுகின்றன: வேலை தொடங்குவதற்கு முன் எடுத்ததைவிட ஷிப்ட் முடிந்தபின் எடுத்தது குறைவாக இருக்கிறது. இது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் தொழில்சார் நோய் என்பதையும், பஞ்சில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரிகளின் நச்சுப் பொருளுக்கு அதில் பங்குண்டு என்பதையும், சட்டத்தின்படி இதைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று என்பதையும் மாணவர்கள் தாமே வந்தடைகிறார்கள். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று தனித்தனி அறைகளில் கற்பிக்கப்படுபவை இங்கே ஒரே பெண்ணின் நெஞ்சுக்குள் சேர்ந்துவிடுகின்றன. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-ஆம் ஆண்டை ஒட்டி வலியுறுத்தினார். கோவையும் திருப்பூரும் பல்லடமும் சூழ்ந்த இந்த நாட்டில் மருத்துவராகப் போகிறவர்கள் அந்தக் கேள்வியைப் பதினெட்டு வயதிலேயே கேட்கப் பழகுவது எவ்வளவு பெரிய நன்மை என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நேரமெல்லாம் ஆசிரியர் என்ன செய்தார்? பேச்சு வழிதவறும்போது, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். காசநோய் என்று சொன்னவரை மறுக்காமல், அப்படியானால் வேறென்ன அறிகுறிகளை எதிர்பார்ப்பாய் என்று வினவினார். ஒருவரே பேசிக்கொண்டிருந்தபோது பேசாத மாணவரின் பக்கம் திரும்பினார். விடை அவர் கையில் இருக்கும் கையேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருப்பதும், மாணவர்கள் முற்றிலும் தவறான முடிவோடு அறையை விட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய கடமை. மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கிளறிவிட்ட பிறகு படிக்கும் பாடம் மனத்தில் நிற்கும். உழாத நிலத்தில் பாய்ச்சிய கீழ்பவானித் தண்ணீர் மேலோடு ஓடிப்போவது போல, கேள்வி எழாத மனத்தில் விரிவுரை ஓடிப்போய்விடுகிறது.

ஒன்று மட்டும் மகளிடம் கேளுங்கள், அம்மா. இரண்டாம் முறை கூடும்போது ஆசிரியர் வருகிறாரா, படித்துவந்ததைச் சரிபார்க்கிறாரா என்று கேளுங்கள். வருகிறார் என்றால் கவலை வேண்டாம். தாளைக் கொடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள், மறுகூட்டமே நடப்பதில்லை என்றால், அதற்குச் சிக்கல்வழிக் கற்றல் என்ற பெயர் பொருந்தாது. மாணவர்கள் ஒன்றாகச் சென்று துறைத் தலைவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவன். விரிவுரை என்றால் பின்வரிசையில் அமர்ந்து எழுதிக்கொண்டு, விடுதியில் வந்து அகராதியை வைத்துப் புரிந்துகொள்வேன். பிபிஎல் குழுவில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறார்கள். நான் வாயே திறப்பதில்லை. பேசாதவர்களுக்கு மதிப்பெண் குறையும் என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இந்த முறை ஏற்றதுதானா? – ஒரு மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உன்னுடையதுதான். 2020-இல் அந்த உள் ஒதுக்கீடு வந்தபிறகு உன்னைப் போன்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்லூரிக்குள் வருகிறார்கள். அவர்கள் பேசாமல் உட்காரும்படி ஒரு குழு நடக்கிறது என்றால் குறை அந்தக் குழுவை நடத்துபவரிடத்தில் இருக்கிறதே தவிர உன்னிடத்தில் இல்லை.

குழுவில் தமிழில் பேசு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த அறையில் நடப்பது ஆங்கிலத் தேர்வு இல்லை, ஒரு நோயாளியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்ற ஆராய்ச்சி. காரணத்தைத் தமிழில் கோவையாகச் சொல்ல முடிந்தவனுக்குக் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்துக்கொள்வது சில மாதங்களில் கைவந்துவிடும். கலைச்சொற்களை மட்டும் மனப்பாடம் செய்து காரணத்தைச் சொல்லத் தெரியாதவனுக்கு அந்தக் குறை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். தவிர, அந்தத் தாளில் வரும் நோயாளிகள் எந்த மொழியில் பேசுபவர்கள் என்று எண்ணிப் பார். கிறுகிறுப்பாக இருக்கிறது, நெஞ்சு கரிக்கிறது, கை கால் மதமதப்பாக இருக்கிறது என்று சொல்பவர்களின் சொல்லை மருத்துவப் பொருளாக மாற்றுவது எளிதான வேலை அன்று. அந்த மாற்றத்தில் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்துவந்த உன் நண்பர்கள் தடுமாறும் இடத்தில் நீ தெளிவாக நிற்பாய். நோயாளி உரம் தெளித்துவிட்டு வந்தேன் என்கிறாரா, மருந்து தெளித்துவிட்டு வந்தேன் என்கிறாரா என்ற வேறுபாட்டின் எடை உனக்குத் தெரியும். குழுவுக்கு அது தேவைப்படும். பூச்சிக்கொல்லி தெளித்த ஒருவர் வியர்த்து, வாயில் நீர் வடிய, கண்மணி சுருங்கி வந்து நிற்கிறார் என்ற தாளில், தோட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடிகிறவன்தான் அந்தக் குழுவுக்கு முதல் திறவுகோலைக் கொடுப்பவன்.

செயல்முறையாகச் சில வழிகள் உண்டு. ஒவ்வொரு குழுவிலும் கூட்டத்தை நடத்தும் மாணவர் ஒருவரும் பலகையில் எழுதும் மாணவர் ஒருவரும் இருப்பார்கள். இந்தப் பொறுப்புகள் முறைவைத்து மாறும். எழுதும் பொறுப்பை முதலில் கேட்டு வாங்கிக்கொள். எழுதுபவன், நீ சொன்னதை இன்னொருமுறை சொல், இதை எந்தத் தலைப்பில் எழுதட்டும் என்று கேட்டாக வேண்டியிருப்பதால், பேச்சின் வேகமும் குறையும், உன் குரலும் அறைக்குப் பழகிவிடும். அடுத்த கூட்டத்துக்குப் படித்துவரும்போது எல்லாக் கேள்விகளையும் படி; ஆனால் அவற்றில் ஒன்றை மட்டும், பாட நூலை மூடிவிட்டு ஐந்து நிமிடம் விளக்கும் அளவுக்குத் தயார் செய். படம் வரைந்து விளக்கு. மூச்சுக்குழாய் சுருங்குவதையும் பூச்சிக்கொல்லியால் நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தேங்குவதையும் படமாக வரைந்துவிட்டால் பாதி ஆங்கிலம் தேவைப்படாது.

மதிப்பெண் பற்றிக் கேட்டிருக்கிறாய். நல்ல கல்லூரிகளில் குழுவில் தரப்படும் மதிப்பெண் பேச்சின் அளவுக்கு இல்லை. தயாரித்து வருவது, பிறர் சொல்வதைக் கேட்பது, காரணம் கூறுவது ஆகியவற்றுக்கு. உன் கல்லூரியில் எதற்கு மதிப்பெண் என்று ஆசிரியரிடம் நேராகக் கேட்டுவிடு. தொடக்கத்திலேயே நடத்தும் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளில் மொழிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டிருக்கிறது; அதைப் பெயருக்கு நடத்தி முடித்துவிட்டார்கள் என்றால், தொடர்ந்து நடத்தும்படி உன்னைப் போன்றவர்கள் சேர்ந்து கேட்பது உங்கள் உரிமை. உன் குழுவை நடத்தும் ஆசிரியர் இதைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தில் அவருக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: முதல் கூட்டத்திலேயே, இங்கே தமிழிலும் பேசலாம் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். மாணவன் அந்த அனுமதியைத் தானாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

கேள்வி: வார்டில் படுத்திருக்கும் நோயாளியிடம் மாணவர்கள் 'கேஸ்' எடுப்பது பல காலமாக இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே? – ஒரு மருந்தாளுநர், தாராபுரம்

பதில்: இல்லை. வார்டில் மாணவர் ஏற்கெனவே படித்ததை நோயாளியிடம் பயன்படுத்திப் பார்க்கிறார். சிக்கல்வழிக் கற்றலில், இன்னும் படிக்காததைப் படிப்பதற்கான காரணமாக நோயாளியின் சிக்கல் முதலில் வருகிறது. இரண்டும் தேவை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். புதிதாக எதையும் தானே கண்டுபிடிக்கச் சொல்லி மாணவர்களை விடுவது பயனற்றது, தெளிவாக விளக்கிக் கற்பிப்பதே சிறந்தது என்று ஆய்வுகள் சொல்வதாகப் படித்திருக்கிறேன். இந்த முறையால் உருவானவர்கள் மேலான மருத்துவர்கள் என்பதற்குச் சான்று உண்டா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஐயா, நீங்கள் குறிப்பிடுவது கல்வி ஆய்வாளர்களான கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையின் கருத்தாக இருக்க வேண்டும். மனிதன் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் செயல்நினைவு குறுகியது. அடிப்படை தெரியாத மாணவனிடம் வழிகாட்டாமல் சிக்கலைக் கொடுத்தால் அவன் ஆற்றல் தேடுவதிலேயே செலவாகிவிடும், கற்பதற்கு மிஞ்சாது என்பது அவர்கள் வாதம். சிக்கல்வழிக் கற்றலையும் அவர்கள் அந்தக் குறைவான வழிகாட்டல் வகையில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே ஹமெலோ-சில்வரும் உடன் எழுதியவர்களும், இந்த முறையில் வழிகாட்டல் குறைவில்லை, தாள்களின் வரிசையிலும் ஆசிரியரின் வினாக்களிலும் அது அடங்கியிருக்கிறது என்று மறுமொழி எழுதினார்கள். இரு தரப்பையும் ஏற்றுக்கொள்கிறேன். பொள்ளாச்சித் தாய்க்கு நான் விவரித்த வகையில் நடக்கும் வகுப்புக்கு மறுமொழி பொருந்துகிறது. தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் எழுந்து போய்விடும் வகுப்புக்கு மூவரின் கண்டனம் வரிக்கு வரி பொருந்துகிறது.

இந்த முறையின் வரலாற்றைச் சிறிது அறிந்தால் சான்றுகளை எடைபோடுவது எளிதாகும். கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, ஜான் எவான்ஸ் முதல் தலைவராக இருந்த காலத்தில், 1969-இல் தன் முதல் மாணவர் அணியைச் சேர்த்து, இந்த முறையையே முழுப் பாடத்திட்டமாக வைத்துத் தொடங்கியது. நரம்பியல் மருத்துவரான ஹோவர்ட் பேரோஸ் பின்னர் அங்கே இதை வளர்த்தெடுத்தார். நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கத்தை 1963-இல் தொடங்கியவரும் அவர்தான். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974-இல் இதே வழியில் மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஹார்வர்டு 1985-இல் தன் பழைய பாடத்திட்டத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தது. மெக்மாஸ்டரில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே கல்லூரியில் சில ஆண்டுகள் படித்துவிட்டு வந்தவர்கள் என்பதை நம் நாட்டில் பலர் கவனிப்பதில்லை. மாஸ்ட்ரிக்ட்டில் சேர்ந்தவர்களோ நம் பிள்ளைகளைப் போலப் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள். அங்கே இந்தக் கற்றல், சொற்களைத் தெளிவுபடுத்துவதிலிருந்து படித்ததைக் கொண்டுவந்து பொருத்துவது வரை ஏழு திட்டமான படிகளாக வகுக்கப்பட்டது. ஆகவே நீட் எழுதிவிட்டு நேரே வரும் நம் மாணவர்களுக்கு மாஸ்ட்ரிக்ட்டின் கட்டுக்கோப்பான வழியே நெருக்கமானது என்பது என் உறுதியான கருத்து.

இனிச் சான்றுகள். இந்த முறை, எந்த நோயையும் அவிழ்க்கும் பொதுத் திறனை மாணவருக்குக் கொடுத்துவிடும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்ஸ்டீனும் உடனிருந்தவர்களும் 1978-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த எதிர்பார்ப்பைத் தளர்த்திவிட்டது: ஒரு நோயாளியின் சிக்கலை நன்றாக அவிழ்த்த மருத்துவர் அடுத்த நோயாளியிடமும் அதே திறத்தோடு இருப்பார் என்று சொல்ல முடியவில்லை, அந்தந்த நோயைப் பற்றிய அறிவே பெரிதும் தீர்மானிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். எனவே அறிவைத் தவிர்த்துத் திறனை மட்டும் வளர்ப்பது என்பது இல்லாத ஒன்று. 1993-இல் அல்பனீஸ், மிட்செல் ஆகிய இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த வழியில் படித்தவர்கள் நோயாளிகளைக் கையாளும் தேர்வுகளில் மற்றவர்களுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருந்தார்கள் என்றும், அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில இடங்களில் பின்தங்கினார்கள் என்றும் கண்டார்கள். டோஷியும் பிறரும் 2003-இல் செய்த தொகுப்பு, அறிவைப் பயன்படுத்தும் திறனில் இதற்குத் தெளிவான நற்பலன் இருக்கிறது என்றும், மாணவர்கள் பெற்ற அறிவு கூடுதல் காலம் நினைவில் தங்குகிறது என்றும் சொல்கிறது. பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற மருத்துவர்களைப் பற்றிய ஆய்வுகளை மட்டும் எடுத்துச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட தொகுப்பில், நோயாளியிடம் பேசுவது, உறுதியில்லாத நிலைமையைச் சமாளிப்பது போன்ற திறன்களில் நற்பலன் தெரிந்தது.

ஆகவே, எல்லாவற்றிலும் மேலான மருத்துவர்கள் என்று சொல்லச் சான்று இடம் கொடுக்கவில்லை. சில திறன்களில் மேலானவர்கள் என்று சொல்ல இடம் கொடுக்கிறது. அந்தத் திறன்கள், நோயாளி மருத்துவரிடம் எதிர்பார்ப்பவற்றில் முதன்மையானவை. அடிப்படை அறிவியலில் வரக்கூடிய குறையை விரிவுரையாலும் செய்முறையாலும் ஈடுகட்டலாம் என்பதால், இரண்டையும் கலந்து நடத்துவதே நம் நாட்டுக்கு உகந்தது என்று கருதுகிறேன். பல ஆண்டுக்காலம் கரும்பலகைக்கு முன் நின்றவரின் விளக்கும் திறனுக்கு இந்தக் கலப்பில் உரிய இடம் இருக்கிறது, ஐயா.

கேள்வி: நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். எங்கள் வகுப்பில் 150 மாணவர்கள். துறையில் ஆசிரியர்கள் குறைவு. புதிய பாடத்திட்டம் மாணவரே கற்பதை வலியுறுத்துகிறது, ஆனால் பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் நாங்கள் எங்கே போவது? இணையத்திலிருந்து எடுத்த கேஸ்களை வைத்து ஒப்பேற்றுகிறோம். நடைமுறையில் என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் இடர்ப்பாடு உண்மையானது. நான் மேலே சொன்ன 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பே, ஒரு வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருந்தால் செலவும் ஆள் தேவையும் இந்த முறையைத் தடுக்கும் என்று எச்சரித்தது. 2019-இல் சேர்ந்த அணியிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தின் விதிகள், விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. மிஞ்சிய நேரத்தில் குழு விவாதமும் செய்முறையும் நோயாளியோடு பயிற்சியும் இருக்க வேண்டும் என்கின்றன. முழுப் பாடத்தையும் சிக்கல்வழியில் நடத்த வேண்டும் என்று அவை கேட்கவில்லை. எனவே ஓர் உறுப்பு மண்டலத்துக்கு ஒரு சிக்கல் என்று எடுத்துக்கொண்டு, அதை மட்டும் குறையில்லாமல் நடத்துங்கள். பத்துச் சிக்கல்களை அரைகுறையாக நடத்துவதைவிட அது பயன் தரும்.

ஆள் குறைவுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதலாம் ஆண்டுச் சிக்கலுக்கு உங்கள் துறை ஆசிரியர்களை மட்டும் நம்பியிராமல், அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே சிக்கலை நடத்துவது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குழுக்களை நடத்த வைப்பதும் இதில் அடங்கும். ஆனால் பயிற்சியில்லாமல் அவர்களை அனுப்பாதீர்கள், ஏனென்றால் பயிற்சியற்றவர் பத்தாவது நிமிடத்தில் விரிவுரை ஆற்றத் தொடங்கிவிடுவார். மருத்துவ ஆசிரியர்களுக்கான பயிற்சிகளை நடத்தும் நிறுவனங்களில் ஒன்று கோவையில் பிஎஸ்ஜி மருத்துவக் கல்லூரியிலேயே ஃபைமர் திட்டத்தின் வழியாக இயங்குகிறது; உங்களுக்கு அது தொலைவில்லை. இரண்டாவது வழி, லாரி மைக்கேல்சன் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் 1970-களின் இறுதியில் தம்முடைய பெரிய வகுப்புக்காக உருவாக்கிய குழுவழிக் கற்றல். அதில் ஒரே அரங்கத்தில் பல குழுக்களை ஒரே ஆசிரியர் நடத்தலாம்: மாணவர்கள் முன்கூட்டியே படித்து வருகிறார்கள், தனித்தனியாக ஒரு சிறு தேர்வு எழுதுகிறார்கள், அதே தேர்வைக் குழுவாகப் பேசி மறுபடி எழுதுகிறார்கள், பிறகு எல்லாக் குழுக்களும் ஒரே சிக்கலுக்கு ஒரே நேரத்தில் விடையளித்து, தம் விடையை மற்றக் குழுக்களுக்கு முன் நியாயப்படுத்துகிறார்கள். 150 பேர் உள்ள வகுப்புக்கு இது பொருந்தும்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இணையத்து கேஸ்தான் எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. பனிப்பொழிவில் நடந்துவந்த முதியவரைப் பற்றிய தாளை வைத்துக்கொண்டு உங்கள் மாணவர்கள் எதை ஊகிப்பார்கள்? அவர்களுக்கு முன்னறிவு இருக்கும் உலகத்திலிருந்து சிக்கல் எழுந்தால்தான் கிளறுவதற்கு ஏதாவது இருக்கும். எழுதுவதற்கு உங்களைச் சுற்றி எவ்வளவோ இருக்கிறது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் ஆடு மேய்க்கும் ஒருவர், ஒரு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, சாதாரண மருந்துக்கு அடங்கவில்லை என்று வருகிறார் என்று எழுதுங்கள். முதல் தாளில் டெங்கு, டைபாய்டு, லெப்டோஸ்பைரோசிஸ் என்று மாணவர்கள் அடுக்கட்டும். அக்குளில் இருக்கும் வலியில்லாத கருத்த பொருக்கை இரண்டாம் தாளில் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். உடம்பு முழுவதையும் பார்த்தீர்களா என்று ஆசிரியர் கேட்க, மாணவர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலை அப்படிக் கண்டடைந்த மாணவர், புதர்க்காட்டில் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடித்துப் பரவும் நோய் என்பதையும், டாக்சிசைக்கிளின் கொடுத்தால் பெரும்பாலும் விரைவில் தணியும், தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும், நோயாளியின் சட்டையைக் கழற்றிப் பார்க்காமல் காய்ச்சலுக்கு மருந்து எழுதக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்கிறார். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் இரத்தசோகை பயோகெமிஸ்ட்ரிக்கும், விசைத்தறிக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவரின் காது மந்தம் பிசியாலஜிக்கும் இதே போலச் சிக்கலாக எழுதத் தக்கவை. பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக மாணவர்கள் தத்தெடுத்த கிராமக் குடும்பங்களிலிருந்து வரும் செய்திகளையும், அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எழுதும்போது, இந்தச் சிக்கலைப் பேசும் மாணவர்கள் எந்தெந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும் என்ற பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அந்தக் கேள்விகள் தாமாக எழும்படி நோயாளியின் கதையைப் பின்னர் அமையுங்கள். நோயின் பெயரைத் தலைப்பில் வைக்காதீர்கள். முதல் தாளைப் படித்த உடனே கைப்பேசியில் தேடி விடையைக் கண்டுவிட முடிகிறதா என்று உங்கள் ஹவுஸ் சர்ஜன் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். கண்டுவிட்டால் கதையைத் திருத்துங்கள்.

கடைசியாக, தேர்வு. ஆண்டு முழுவதும் காரணம் கேட்டுப் பழக்கிவிட்டு, உள்மதிப்பீட்டில் வரையறை எழுதுக, வகைகளைக் கூறுக என்று மட்டும் கேட்டால், மாணவர்கள் இரண்டாவது மாதத்திலேயே குழுவுக்குத் தயாரித்து வருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழக வினாத்தாளை மாற்றுவது உங்கள் கையில் இல்லாவிட்டாலும் உள்மதிப்பீடு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் உள்தேர்விலும் ஒரு கேள்வியையாவது, அவர்கள் இதுவரை பார்த்திராத ஒரு நோயாளியின் கதையாக வைத்து, காரணத்தை விளக்கும்படி கேளுங்கள். அந்தக் கதையை ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் சீனியரின் விடைத்தாள் விடுதியில் கைமாறிக்கொண்டே இருக்கும். உங்கள் துறையில் எழுதிய சிக்கல்களைப் பக்கத்துக் கல்லூரிகளோடு பகிர்ந்துகொள்ள நீங்கள் முன்வந்தால், நாமக்கல்லிலும் பெருந்துறையிலும் கரூரிலும் இதே இடர்ப்பாட்டில் இருக்கும் உங்கள் சக ஆசிரியர்கள் தங்களுடையவற்றை அனுப்புவார்கள்.